நன்னீர் ஆமை ஆணா, பெண்ணா? கத்தி வைக்காமல் கண்டறியும் வழிகளில் எதை எப்போது நம்பலாம்

ஆமை ஆணா பெண்ணா என்று கேட்டால், வாலைப் பாருங்கள் என்பார் ஒருவர். நகத்தைப் பாருங்கள் என்பார் இன்னொருவர். ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், ஆனால் மூன்று வெவ்வேறு ஆமைகளுக்கு. வளர்ந்த செங்காது ஆமைக்கு (ரெட்-இயர்டு ஸ்லைடர்) ஒரே பார்வையில் விடை சொல்லும் அடையாளம், உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுக்கு ஒன்றுமே சொல்லாது. தோல் போன்ற ஓடுள்ள மெல்லோட்டு ஆமைக்கு உதவும் ஆய்வகச் சோதனை, குளத்தாமைக்கு எந்தக் காலத்திலும் உதவாது. ஆகவே எந்த வழி சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. என்ன இனம், எவ்வளவு பெரியது, விடை தெரிந்தால் என்ன செய்யப்போகிறோம் என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் வழிகளை ஒப்பிட முடியும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வழிகளில் பலவும் ஒரு பக்கச் சாட்சிதான் சொல்லும். ஸ்கேனில் கருமுட்டை தெரிந்தால் அது பெண். தெரியாவிட்டால் ஆண் என்று முடிவுகட்ட முடியாது. இன்னும் பருவமடையாத பெண்ணாகவும் இருக்கலாம். ஆணுறுப்பு வெளியே வந்தால் ஆண். வராவிட்டால் பெண் என்று சொல்ல முடியாது; ஒத்துழைக்காத ஆணாக இருக்கலாம். எந்தச் சோதனை எந்தப் பக்கத்தை உறுதிசெய்கிறது, எந்தப் பக்கத்தில் மௌனமாக இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காததால்தான் இத்தனை ஆமைகளுக்குப் பெயர் மாற்ற வேண்டியிருக்கிறது.

தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களும் உண்டு. வீட்டில் வளர்க்கும் பெண் ஆமைக்கு, ஆணோடு சேராவிட்டாலும் முட்டை உருவாகும். முட்டையிட மண் மேடு கிடைக்காவிட்டால் அது உள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் கடிபடுவது வழக்கம். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருந்தால், ஓயாத துரத்தலில் பெண் சாப்பாட்டைக்கூட விட்டுவிடும். இயற்கையில் வாழும் ஆமைகளைக் கணக்கெடுப்பவர்களுக்கோ ஆண்-பெண் விகிதம்தான் முக்கியமான எண். இந்த மூன்று தேவைகளுக்கும் வேண்டிய உறுதியின் அளவு ஒன்றல்ல. தொட்டியைப் பிரிக்க ‘அநேகமாக ஆண்’ என்ற விடை போதும். இனப்பெருக்க மையத்தில் ஜோடி சேர்க்க அது போதாது.

இங்கே ஒப்பிடுபவை பெரும்பாலும் உடலைக் கீறாத, ஊசி குத்தாத வழிகள். அந்த எல்லையைச் சற்றே தாண்டும் ஓரிரண்டையும் கடைசியில் சேர்த்திருக்கிறேன், ஏனென்றால் குஞ்சுகள் விஷயத்தில் அவற்றைச் சொல்லாமல் ஒப்பீடு முழுமையாகாது.

வாலில் தொடங்குவோம்

கண்ணால் பார்க்கும் அடையாளங்களில் ஒன்றை மட்டும்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால், நான் கழிவுத்துளையின் இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆமையின் சிறுநீர், மலம், முட்டை, ஆணுறுப்பு எல்லாமே வாலின் அடிப்பக்கத்தில் இருக்கும் அந்த ஒரே துளை வழியாகத்தான் வெளியே வரும். ஆணின் உறுப்பு உள்ளே மடங்கி வால் அடியில் தங்குகிறது. அதற்கு இடம் வேண்டும் என்பதால் ஆணின் வால் அடியில் தடித்து நீண்டிருக்கும். துளையும் உடலைவிட்டுத் தள்ளி, வால் நுனிப் பக்கமாக இருக்கும். வாலை நேராக நீட்டியிருக்கும்போது துளை மேலோட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே தெரிந்தால் ஆண், விளிம்புக்கு உள்ளேயே இருந்தால் பெண் என்பது பொதுவான கணக்கு.

வாலின் நீளத்தை மட்டும் பார்ப்பவர்கள் அதிகம். அதில்தான் தவறும் அதிகம் நடக்கிறது. சின்ன வயதில் வால் உடலோடு ஒப்பிட நீளமாகவே தெரியும். ஆமை வாலை ஒரு பக்கமாகச் சுருட்டி வைத்திருந்தால் குட்டையாகத் தெரியும். துளையின் இடத்தை ஓட்டின் விளிம்போடு ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் பெருமளவு குறையும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் அளந்துவிடலாம். அடியோட்டின் (வயிற்றுப் பக்க ஓட்டின்) பின்விளிம்பிலிருந்து கழிவுத்துளை வரையுள்ள தூரத்தை எடுத்து, அதை உடலின் வேறொரு அளவோடு விகிதமாக்க வேண்டும்.

வட அமெரிக்காவின் ஸ்னாப்பிங் ஆமைக்கு இந்த விகிதம்தான் கைகொடுக்கிறது. அந்த இனத்தில் இரு பாலுக்குமே வால் நீளம். முதலை வால் மாதிரி முள்ளுமுள்ளாக இருக்கும். வெறுமனே பார்த்தால் ஏமாந்துவிடுவோம். அடியோட்டின் பின்மடலின் (பின்னங்கால்களுக்கு இடையே உள்ள பகுதியின்) நீளத்தை ஒரு பக்கமும், அடியோட்டு விளிம்பிலிருந்து துளை வரையுள்ள வால் நீளத்தை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்க்கிறார்கள். வால் அளவு, மடல் அளவில் 86 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆண், குறைவாக இருந்தால் பெண். ஓர் அளவுகோல் போதும், கருவி எதுவும் வேண்டாம். ஸ்னாப்பிங் ஆமையைப் பிடிக்கத் தெரிந்த கை மட்டும் வேண்டும். அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த ஆமையையும் வாலைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. வால் முதுகெலும்பின் தொடர்ச்சி. உடலின் எடை முழுவதும் அதில் தொங்கினால் எலும்பு மூட்டு விலகும்.

தொடாமலேயே பார்க்கவும் வழி இருக்கிறது. அடிப்பக்கம் தெளிவாகத் தெரியும் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பெட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஆமையை அதில் நடக்கவிட்டு, கீழிருந்து படம் எடுத்துக்கொள்ளலாம். கையில் பிடித்தால் பயத்தில் வாலை உள்ளிழுக்கும் ஆமை, தண்ணீரில் சில நிமிடங்களில் அதை இயல்பாக நீட்டிவிடும். ஒரு படத்தை வைத்து முடிவு செய்யாமல், சில மாத இடைவெளியில் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. ஆணாக மாறிவரும் வாலில் துளை மெல்ல மெல்ல வெளிநோக்கி நகர்வது அப்போது தெரியும்.

மெல்லோட்டு ஆமைகளிலும் இதே விதிதான். வளர்ந்த ஆணின் தடித்த வால், தோல் போன்ற மேலோட்டின் விளிம்பைத் தாண்டி வரும். பெண்ணின் வால் பெரும்பாலும் வெளியே தெரியாது.

இந்த வழியின் பெரிய குறை வயது. பருவமடையாத ஆமைகள் எல்லாமே வெளிப்பார்வைக்குப் பெண் போலத்தான் இருக்கும். செங்காது ஆமையில் அடியோடு ஏறக்குறைய 10 செ.மீ. நீளம் ஆகும்வரை ஆண் அடையாளங்கள் பிடிபடாது. பெண் பருவமடைவது அதைவிட வெகு தாமதம். பெரும்பாலும் 15 செ.மீ.க்கு மேல்தான். இதில் வயதைவிட உடல் அளவுக்கே முக்கியத்துவம். நிறையத் தீனி தின்று வேகமாக வளர்ந்த ஆணுக்கு அடையாளங்கள் சீக்கிரம் வந்துவிடும். காட்டில் மெதுவாக வளர்ந்ததற்குச் சில ஆண்டுகள் கூடுதலாகலாம். ஆகவே ‘என் ஆமைக்கு மூன்று வயது’ என்பதைவிட ‘அடியோடு 12 செ.மீ.’ என்பது பயனுள்ள தகவல். 12 செ.மீ. தாண்டியும் வால் குட்டையாகவே இருந்தால், செங்காது ஆமையைப் பொறுத்தவரை பெண் என்று எண்ணத் தொடங்கலாம். 6 செ.மீ.யில் அதே வாலைப் பார்த்துப் பெண் என்று சொல்பவர் ஊகிக்கிறார், அவ்வளவுதான்.

நகம், ஓடு, நிறம், பருமன்

நகம் பிரபலமான அடையாளம். செங்காது ஆமை, பெயின்டட் ஆமை, கூட்டர் ஆமை ஆகியவற்றின் ஆண்களுக்கு முன்னங்காலின் நடு நகங்கள் மிக நீளமாக வளரும். பெண்ணின் முகத்துக்கு முன்னால் நீந்தியபடி, அந்த நகங்களை அதிரவிட்டு அதன் கன்னத்தை வருடுவது இணையழைப்பின் ஒரு பகுதி. இந்த இனங்களில் நகமும் வாலும் ஒரே விடையைச் சொன்னால் மேற்கொண்டு எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து.

சிக்கல் எங்கே என்றால், இந்த விதியை எல்லா ஆமைகளுக்கும் நீட்டிவிடுகிறார்கள். செங்காது ஆமையின் நெருங்கிய உறவுகளான மெக்சிகோ, மத்திய அமெரிக்க ஸ்லைடர்களில் ஆணுக்கு இந்த நீள நகம் கிடையாது. ஸ்னாப்பிங் ஆமைக்கும் மெல்லோட்டு ஆமைகளுக்கும் இந்த விதியே பொருந்தாது. அப்புறம், வழவழப்பான தொட்டியில் வளரும் ஆமைகளின் நகம் தேய வழியில்லாமல் நீண்டுவிடும். இதைப் பிரித்தறிய எளிய வழி, பின்னங்கால் நகங்களையும் பார்ப்பது. நான்கு கால்களிலும் நகம் நீண்டிருந்தால் தேய்மானம் இல்லை என்று பொருள். முன்னங்காலில் மட்டும், அதுவும் நடு நகங்கள் மட்டும் நீண்டிருந்தால் ஆண்.

அடியோட்டின் குழிவு இன்னொரு பிரபல அடையாளம். வட அமெரிக்க மர ஆமை, தெற்காசியக் கரும்குள ஆமை போன்றவற்றில் ஆணின் அடியோடு நடுவில் குழிந்திருக்கும். பெண்ணின் முதுகில் ஏறும்போது வழுக்காமல் இருக்க அது உதவுகிறது. செங்காது ஆமையிலோ இரு பாலுக்கும் அடியோடு ஏறக்குறைய தட்டைதான். தட்டையாக இருப்பதைப் பார்த்து அதைப் பெண் என்று சொன்னால், நல்ல ஆணையும் பெண்ணாக்கிவிடுவோம். குழிவு இருந்தால் ஆண் பக்கம் ஒரு புள்ளி. இல்லாவிட்டால் பல இனங்களில் அதற்கு அர்த்தமே இல்லை.

மஸ்க் ஆமை, மண் ஆமை இனங்களில் வாலைத் தவிர வேறு நல்ல குறிகளும் உண்டு. பல இனங்களின் ஆண்களுக்குப் பின்னங்காலின் உட்புறத்தில் சொரசொரப்பான செதில் திட்டு இருக்கும். வால் நுனியில் கடினமான ஓர் ஆணி மாதிரி முனை இருக்கும். சாதாரண மஸ்க் ஆமையின் ஆணில் அடியோட்டுத் தகடுகளுக்கு இடையே தோல் அதிகம் தெரியும்.

நிறம் சில இனங்களில் மட்டும் பேசும், ஆனால் பேசும்போது சத்தமாகவே பேசும். புள்ளி ஆமையின் பெண்ணுக்கு ஆரஞ்சுக் கண்ணும் மஞ்சள் தாடையும்; ஆணுக்குப் பழுப்புக் கண்ணும் மங்கிய தாடையும். முள் மெல்லோட்டு ஆமையில் குஞ்சுப் பருவத்து வட்டப் புள்ளிகளை ஆண் வளர்ந்த பிறகும் வைத்திருக்கும். பெண்ணில் அவை கரைந்து திட்டுத்திட்டாக மாறும். கங்கைச் சமவெளி ஆறுகளில் வாழும் செம்முடி ஆமையின் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் தலையையும் கழுத்தையும் பூசிக்கொண்டு நிற்கும். தூரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்தே சொல்லிவிடலாம். செங்காது ஆமையில் வயதான ஆண்கள் பல நேரம் கறுத்து, கோடுகளையும் காதுச் சிவப்பையும் இழந்துவிடும். ஆனால் கறுக்காத கிழட்டு ஆணும் உண்டு என்பதால் இதுவும் ஒரு பக்கச் சாட்சிதான்.

பருமனை நான் கடைசியில்தான் வைப்பேன். பெரும்பாலான நீர் ஆமைகளில் பெண்தான் பெரிது. பார்பர் மேப் ஆமையில் இந்த வேறுபாடு மலைக்க வைக்கும்: ஆண் 13 செ.மீ. வாக்கில் நின்றுவிடும், பெண் 30 செ.மீ.யையும் தாண்டும். செம்முடி ஆமையில் பெண் அரை மீட்டரைத் தாண்ட, ஆண் அதில் பாதிதான். ஸ்னாப்பிங் ஆமையில் நேர்மாறாக ஆண் பெரிது. ஆனால் வீட்டில் இருக்கும் ஒற்றை ஆமையின் அளவு எதோடு ஒப்பிடுவதற்கு? 14 செ.மீ. செங்காது ஆமை முழுதாக வளர்ந்த ஆணாகவும் இருக்கலாம், இன்னும் வளரவேண்டிய பெண்ணாகவும் இருக்கலாம். மிகப் பெரிய செங்காது ஆமை, 25 செ.மீ.க்கு மேல், நகம் குட்டை, வால் குட்டை என்றால் பெண். அந்த உச்ச அளவில் மட்டும்தான் பருமனுக்கு மதிப்பு.

கள ஆய்வாளர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆண் சீக்கிரம் அடையாளம் காட்டுகிறது, பெண் தாமதமாக. 11 செ.மீ. ஆமைகளில் ஆண் அடையாளம் உள்ளதை ஆண் என்றும், மற்றதையெல்லாம் பருவமடையாதவை என்றும் ஒதுக்கினால், கணக்கில் ஆண்கள் கூடிவிடும். அடையாளம் இல்லாததையெல்லாம் பெண் என்று எழுதினால் பெண்கள் கூடிவிடும். ஒரே குளம், ஒரே ஆமைகள், இரண்டு விகிதங்கள். எந்த அளவுக்குக் கீழே பாலினம் எழுதுவதில்லை என்ற எல்லையை முதலிலேயே வரையறுத்து, அதை அறிக்கையிலும் சொல்வதுதான் நேர்மையான வழி.

நடத்தையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நகம் அதிரவிடுவது, மேலே ஏறுவது இரண்டையும் குட்டி ஆமைகளும் செய்கின்றன. ஒரே பால் ஆமைகளுக்குள்ளும் நடக்கிறது. முட்டையிட்டால் பெண் என்பது மட்டும் மறுக்க முடியாத நடத்தைச் சான்று. ஆண் தொடர்பே இல்லாமல் இட்ட முட்டையும் அதையே நிரூபிக்கும். ஒரு எச்சரிக்கை: முன்பு எப்போதோ ஆணோடு இருந்த பெண் விந்தை உடலுக்குள் சேமித்து வைத்து, பல மாதங்கள், சில இனங்களில் சில ஆண்டுகள் கழித்தும் கருவுற்ற முட்டை இடும். அதைப் பார்த்துத் தொட்டியில் இருக்கும் மற்றொன்று ஆண் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

உறுப்பை வெளிவரச் செய்வதும் ஸ்கேனும்

ஆண் ஆமை சில நேரம் தண்ணீரில் விடும்போதோ, மலம் கழிக்கும்போதோ உறுப்பைத் தானாகவே வெளியே நீட்டும். கறுப்பாக, விரிந்த பூ போல இருக்கும் அதைக் குடல் வெளியே வந்துவிட்டது என்று நினைத்துப் பதறுபவர்கள் நிறைய. சில நிமிடங்களில் உள்ளே போய்விட்டால் பதற வேண்டாம். விடை கிடைத்துவிட்டது, ஆண். உள்ளே போகாமல் வெளியிலேயே தங்கினால் அது பாலினக் கேள்வி இல்லை, மருத்துவ அவசரம். ஈரமாக வைத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இதையே வேண்டுமென்று தூண்டும் முறையும் ஆய்வாளர்களிடம் உண்டு. 2017-ல் வெளியான ஒரு கள ஆய்வில், அதிரும் கருவியை (வைப்ரேட்டர்) ஆமையின் உடலில் வைத்து ஆணுறுப்பை வெளிவரச் செய்யும் முறையை வட அமெரிக்காவின் நான்கு ஆமை இனங்களில் சோதித்தார்கள். கேட்கும்போது சிரிப்பு வந்தாலும் யோசனை தீவிரமானது: கீறல் இல்லை, மயக்கமருந்து இல்லை, பரிசோதனை முடிந்ததும் ஆமையை அங்கேயே விட்டுவிடலாம். வெற்றி இனத்துக்கு இனம் வேறுபட்டது. மெல்லோட்டு ஆமையில் நன்றாக வேலை செய்தது. மற்றவற்றில் எல்லா ஆணும் ஒத்துழைக்கவில்லை. இங்கேதான் அந்த ஒரு பக்கச் சாட்சி விஷயம் மறுபடியும் வருகிறது. வெளியே வந்தால் ஆண் என்பதில் ஐயமில்லை. வராத ஆமையைப் ‘பெண்’ பட்டியலில் எழுதினால், ஒத்துழைக்காத ஆண்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும். வெளி அடையாளம் குழப்பும் இனங்களில் கூடுதல் சோதனையாக இதற்கு இடமுண்டு. வீட்டு வளர்ப்பாளர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அழுத்தி, பிதுக்கி உறுப்பை வெளியே எடுக்கும் நாட்டுமுறைகளுக்கு இது வழிவிட்டுவிடும், காயப்பட்ட உறுப்பு அழுகி வெட்டி எடுக்க வேண்டியும் வரலாம்.

அல்ட்ராசவுண்ட் இதன் கண்ணாடி பிம்பம்: அது பெண் பக்கம் மட்டுமே உறுதியாகப் பேசும். ஓட்டின் வழியே ஒலியலை போகாது என்பதால், பின்னங்காலுக்கு முன்னால் இருக்கும் மெல்லிய தோல் குழியில் சிறிய ஸ்கேன் முனையை வைத்துப் பார்க்கிறார்கள். பருவமடைந்த பெண்ணில் கருமுட்டைகள் வட்டவட்டமாகத் தெரியும். ஓடு கட்டிய முட்டை இருந்தால் அதன் வெளிக்கோடு பளிச்சென்று மின்னும். பெரும்பாலும் மயக்கம் கொடுக்கத் தேவையில்லை. இனப்பெருக்கக் காலத்தை ஒட்டி எடுத்தால் கருமுட்டைகள் பெரிதாக இருக்கும், கண்டுபிடிப்பது எளிது. ஆணின் விரைகளை இதே வழியில் தேடிப் பிடிப்பது கடினம். குடலும் சிறுநீரகமும் குறுக்கே வரும். ஊர்வனவற்றில் பழக்கமுள்ள மருத்துவர் இல்லாவிட்டால் விடை ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பதாகத்தான் இருக்கும்.

எக்ஸ்ரே இன்னும் குறுகலானது. ஓட்டில் சுண்ணாம்பு ஏறிய முட்டை மட்டுமே தெரியும், கருமுட்டை தெரியாது. பாலினம் கண்டுபிடிப்பதற்காக மட்டும் எக்ஸ்ரே எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒரு பெரிய ஆமை சாப்பாட்டை விட்டுவிட்டு, பின்னங்கால்களால் கீறிக்கொண்டு, ஓயாமல் கரையேறப் பார்க்கிறது என்றால் கேள்வியே மாறிவிடுகிறது. அப்போது எத்தனை முட்டை இருக்கிறது, உடைந்திருக்கிறதா, அளவு மீறியதா என்பதை எக்ஸ்ரேதான் தெளிவாகக் காட்டும். பாலினம் கூடவே கிடைக்கும்.

குஞ்சுகள்: உண்மையான சவால்

பறவைகளுக்கு ஒரு இறகை அனுப்பி டிஎன்ஏ சோதனையில் பாலினம் தெரிந்துகொள்கிறோம், ஆமைக்கு ஏன் முடியாது என்று அடிக்கடி கேட்கிறார்கள். பல ஆமை இனங்களில் பாலினக் குரோமோசோமே கிடையாது என்பதுதான் காரணம். முட்டை அடைகாக்கப்படும்போது, குறிப்பாக அடைகாலத்தின் நடுப்பகுதியில், இருக்கும் வெப்பநிலைதான் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆமைகளில் இதை 1971-ல் பிரெஞ்சு விஞ்ஞானி கிளோத் பியோ ஐரோப்பியக் குளத்தாமையிலும் ஒரு தரையாமையிலும் காட்டினார். அதன் பிறகு செங்காது ஆமை, பெயின்டட் ஆமை, ஸ்னாப்பிங் ஆமை என்று பட்டியல் நீண்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மரபணுத் தொகுப்பு இருக்கும்போது டிஎன்ஏ சோதனை எதைப் படிக்கும்?

விதிவிலக்குகள் உண்டு, அவை முக்கியமானவை. மெல்லோட்டு ஆமைக் குடும்பத்தில் பறவைகளைப் போலவே இசட்-டபிள்யூ குரோமோசோம் முறை (ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ) இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பக்கக்கழுத்து ஆமைகள் சிலவற்றில் மனிதர்களைப் போல எக்ஸ்-ஒய் முறை. இவற்றில் வெப்பநிலை பாலினத்தை மாற்றாது. மெல்லோட்டு ஆமைகளில் ஒரு மரபணுவின் பிரதிகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடுவதை அளந்து, குஞ்சின் பாலினத்தைச் சொல்லும் ஆய்வக முறை 2014-ல் வெளியானது. மெல்லோட்டு ஆமைகளை வளர்த்து ஆற்றில் விடும் மையங்களுக்கு இதைவிடத் தெளிவான வழி இல்லை. செங்காது ஆமை வைத்திருப்பவருக்கு யாராவது டிஎன்ஏ பாலினச் சோதனை விற்க வந்தால், அது ஏமாற்று.

வெப்பநிலை இனங்களில் குஞ்சின் பாலினத்தை ஊகிக்க மலிவான வழி, அடைகாப்பானின் (முட்டை பொரிக்கும் பெட்டியின்) வெப்பநிலைப் பதிவேடு. செங்காது ஆமை முட்டைகளை 26 டிகிரி செல்சியஸில் வைத்தால் ஆண்கள், 31 டிகிரியில் பெண்கள், இடையே 29 டிகிரியை ஒட்டிக் கலப்பு. முட்டையைத் தொடாமலேயே கிடைக்கும் தகவல் இது. பதிவு ஒழுங்காக இருந்தால் பொரிக்கும் முன்பே ஓரளவு விடை தெரியும். வெப்பநிலை ஏறி இறங்கியிருந்தால், அல்லது கலப்பு எல்லைக்குள் இருந்தால், ஒவ்வொரு குஞ்சைப் பற்றியும் ஒன்றும் சொல்ல முடியாது. எல்லா இனத்துக்கும் ஒரே வரைபடம் என்றும் எண்ணக்கூடாது: ஸ்னாப்பிங் ஆமையில் குளிர்ந்த ஓரத்திலும் சூடான ஓரத்திலும் பெண்கள், நடுவில் ஆண்கள். காட்டிலிருந்து பிடித்த குஞ்சுக்கோ, கடையில் வாங்கிய குஞ்சுக்கோ பதிவேடே கிடையாது என்பதால் இந்த வழியும் அங்கே மூடிவிடுகிறது.

மேலோட்டின் வடிவத்தைப் படம் எடுத்து, அதில் குறிப்பிட்ட புள்ளிகளைக் கணினியில் குறித்து, நுட்பமான வடிவ வேறுபாட்டிலிருந்து பாலினத்தைக் கணிக்கும் முறையும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டைக் கணிதம் பிடித்துவிடுகிறது. ஆனால் கணினிக்கு முதலில் பாலினம் உறுதியாகத் தெரிந்த அதே இனத்துக் குஞ்சுகளைக் காட்டிப் பழக்க வேண்டும். ஓட்டின் வடிவத்தை அடைகாக்கும் சூழலும் பாதிக்கும் என்பதால் ஓரிடத்துச் சூத்திரத்தை இன்னோரிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்த முடியாது. ஆய்வுக் குழுவுக்கு நல்லது, தனியொருவருக்கு உதவாது.

எல்லையைத் தாண்டும் வழிகளில் நம்பிக்கை தருவது, ஒரு சிறு துளி இரத்தத்தில் ஏஎம்ஹெச் என்ற ஹார்மோனைத் தேடுவது. ஆண் குஞ்சின் விரைதான் இதைச் சுரக்கிறது. 2020-ல் வெளியான ஆய்வு, செங்காது ஆமைக் குஞ்சுகளிலும் பெருந்தலைக் கடலாமைக் குஞ்சுகளிலும் இதை வைத்து ஆணையும் பெண்ணையும் பிரித்துக் காட்டியது. ஊசி குத்த வேண்டும் என்பதால் முழுமையாக ஊடுருவாத முறை என்று சொல்ல முடியாது. ஆனால் முன்பெல்லாம் குஞ்சைக் கொன்று, அறுத்து, பாலினச் சுரப்பியை (விரை அல்லது சூலகம்) பார்த்தே பாலினம் எழுதிய துறையில் இது பெரிய முன்னேற்றம். வழக்கமான மருத்துவ ஆய்வகத்தில் இது கிடைக்காது.

எண்டோஸ்கோப்பியில் இரண்டு வகை. தோலில் சிறு துளையிட்டு உள்ளே பார்ப்பது அறுவைதான். கழிவுத்துளை வழியாக மெல்லிய குழாயை விட்டு, சிறுநீர்ப்பையின் கண்ணாடி போன்ற சுவர் வழியே பாலினச் சுரப்பிகளைப் பார்ப்பது இன்னொன்று. இரண்டாவதில் கீறல் இல்லை, ஆனால் மயக்கம் கொடுக்க வேண்டும், அனுபவமுள்ள கை வேண்டும். ஆண், பெண் இரண்டையும் நேரடியாகக் காட்டும் வழி என்பதே இதன் பலம். ஒரு பக்கச் சாட்சி என்ற குறை இங்கே இல்லை. அழியும் நிலையிலுள்ள இனத்தின் குஞ்சுகளை ஜோடி ஜோடியாகப் பிரிக்க வேண்டிய மையத்துக்கு இந்தச் செலவும் ஆபத்தும் நியாயம். தொட்டிக்குப் பெயர்ப்பலகை எழுதுவதற்காக நியாயமில்லை.

எந்தச் சூழலில் எதை எடுப்பது

வீட்டில் வளர்ந்த ஸ்லைடர் அல்லது பெயின்டட் ஆமை என்றால்: கண்ணாடிப் பெட்டி, கீழிருந்து ஒரு படம், முன்னங்கால் நகம். இரண்டும் ஒத்துப்போனால் அங்கேயே நிறுத்தலாம். ஒத்துப்போகாவிட்டால் ஆமை இன்னும் சிறியது என்று எடுத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி படம் எடுங்கள். ஸ்கேனுக்கு அவசரப்பட வேண்டாம். பருவமடையாத பெண்ணில் ஸ்கேனும் அதே ‘தெரியவில்லை’ என்பதைத்தான் சொல்லும். இதற்கிடையில் பெண்ணாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு மண் மேடு ஒன்று கொடுத்துவிடுவது நல்லது; ஆணாக இருந்தால் இழப்பு ஒன்றுமில்லை. இரண்டு ஆமைகள் சண்டை போட்டால், பாலினம் தெரியும்வரை காத்திருக்காமல் உடனே பிரித்துவிடுங்கள்.

வீட்டில் இருப்பது குஞ்சு என்றால் காத்திருப்பதுதான் வழி. கடைக்காரர் ‘இது ஜோடி’ என்று கொடுத்த இரண்டு குஞ்சுகளின் பாலினம் அவருக்கும் தெரியாது.

பெரிய ஆமை, சாப்பிடவில்லை, தோண்டுகிறது என்றால் வாலையும் நகத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே எக்ஸ்ரே.

ஆற்றிலோ குளத்திலோ கணக்கெடுப்பவர்கள் ஒவ்வொரு ஆமைக்கும் துளையின் இடத்தையும் அடியோட்டு நீளத்தையும் எண்களாகவே எழுதிக்கொள்வது நல்லது. ‘ஆண்’, ‘பெண்’ என்ற முடிவைப் பிறகு எல்லா எண்களையும் சேர்த்து வைத்து எடுக்கலாம். எந்த அளவில் இரு கூட்டங்களும் தெளிவாகப் பிரிகின்றன என்பது அந்த எண்களிலேயே தெரியும். வெளி அடையாளம் மங்கலான இனம் என்றால், அதிர்வு முறையைச் சிலவற்றில் மட்டும் சோதித்து, வெளி அடையாளக் கணிப்பு எத்தனை ஆண்களைத் தவறவிட்டது என்று சரிபார்க்கப் பயன்படுத்தலாம்.

இனப்பெருக்க மையத்தில் மெல்லோட்டு ஆமை என்றால் டிஎன்ஏ. மற்ற இனங்கள் என்றால் முதலில் அடைகாப்பான் பதிவேடு, கலப்பு எல்லையில் வந்த குஞ்சுகளுக்கு மட்டும் கழிவுத்துளை வழி எண்டோஸ்கோப். எந்த வழியானாலும், ஆமையைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆரோக்கியமான ஆமையின் உடலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கும்.